அளவு ஜாக்கெட் மட்டும் போதாது: தையல் கடையிலும் துணிக்கடையிலும் கைகொடுக்கும் சில ஃபேஷன் சொற்கள்

கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலே ஏறுகிறது என்ற தொல்லை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது, பரணில் இருந்து டப்பா எடுக்க முடியாது. வழக்கமாகத் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோய், "கை டைட்டா இருக்குக்கா, கொஞ்சம் லூசாக்கிக் கொடுங்க" என்றேன். லூசாக்கிக் கொடுத்தார், சரியாகவில்லை. திரும்பக் கொண்டுபோனேன், இன்னும் அரை அங்குலம் பிரித்துவிட்டார், அப்போதும் அதே கதை. மூன்றாவது முறை போனபோது போட்டுக்கொண்டு வரச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை டைட்டே இல்லம்மா. கைக்குழி இறங்கியிருக்கு."

உடம்புத் துணியில் கையை வைத்துத் தைப்பதற்காக வெட்டும் வளைவுதான் கைக்குழி. அது அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் கை தனியாக அசையும், உடம்பு தன் இடத்திலேயே நிற்கும். கீழே இறங்கிவிட்டால் கைத்துணியும் உடம்புத் துணியும் விலாவுக்கு அருகில் சேர்கின்றன, அப்புறம் கையைத் தூக்கும்போதெல்லாம் உடம்புத் துணியையும் இழுத்துக்கொண்டுதான் போகும். குழி பெரிதாக இருந்தால் வசதி என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர். வெட்டி எடுத்த துணியைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அக்குளில் வைர வடிவில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்து அந்த ஜாக்கெட்டை ஓரளவு காப்பாற்றினார். அந்தத் துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு, கஸெட். நீளக் குர்தாக்களின் அக்குளில் காலங்காலமாக வைத்துத் தைப்பதும் அதுதான்.

இரண்டு முறை நான் அலைந்ததற்குக் காரணம், என் உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று சொல்ல என்னிடம் சொல் இல்லை. "டைட்", "லூஸ்" என்ற இரண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். ஃபேஷன் சொற்கள் என்றதும் மேடையில் நடக்கும் மாடல்களுக்கும் பத்திரிகை அட்டைக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை துணியின் ஒரு இடத்துக்கோ, ஒரு வெட்டுக்கோ, துணி விழும் விதத்துக்கோ வைத்த பெயர்கள். அந்த நோக்கில் சிலவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் சில்லவுட். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒருவர் நிற்கிறார், நிறமும் வேலைப்பாடும் தெரியவில்லை, வெளிக்கோடு மட்டும் தெரிகிறது. அந்த வெளிவடிவம்தான் சில்லவுட். 1759இல் பிரான்சின் நிதி அமைச்சராக இருந்த எத்தியேன் த சில்லவுட் என்பவரின் பெயரில் இருந்து வந்த சொல். ஒரு உடை நமக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதில் பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததும் "என்னமோ சரியில்ல" என்று தோன்றுகிறதே, அந்த என்னமோவுக்குப் பெரும்பாலும் இதுதான் பெயர்.

ஏ-லைன் குர்தி என்றால் தோளில் ஒட்டி, கீழே போகப் போக ஒரே சீராக விரிவது, ஆங்கில எழுத்து ஏ போல. இந்தப் பெயரைப் பரவலாக்கியது கிறிஸ்டியன் டியோர் 1955இல் பாரிஸில் காட்டிய உடை வரிசை. இதில் இடுப்பில் தனித் தையல் கிடையாது. அனார்கலியில் அப்படி இல்லை, மார்பு வரைக்குமோ இடுப்பு வரைக்குமோ உடம்பை ஒட்டியிருந்துவிட்டு அங்கிருந்து சட்டென்று விரியும். தையல் மார்புக்கு நேர் கீழே வந்தால் அதை எம்பயர் என்பார்கள், நெப்போலியன் பேரரசு காலத்துப் பிரெஞ்சு உடைகளில் இருந்து வந்த பெயர். வயிற்றில் எதுவும் பிடிக்கக்கூடாது என்று நினைப்பவர்களும் கர்ப்பிணிகளும் கடையில் "எம்பயர் கட்" என்று கேட்டால் பாதி வேலை மிச்சம்.

விரிவிலும் இரண்டு வகை இருக்கிறது. மேலே குறுகி கீழே அகலும் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துத் தைப்பது ஒன்று, அந்தத் துண்டுகளைக் கலி என்பார்கள். துணியை நாலாக மடித்து வட்டமாக வெட்டி எடுப்பது இன்னொன்று, அது அம்பர்லா கட். வட்டமாக வெட்டும்போது ஓரத்தின் சில பகுதிகள் நேர் இழையிலும் சில பகுதிகள் இழைக்குச் சாய்வாகவும் வரும், சாய்வில் வந்த இடம் தொங்கத் தொங்க நீளும். அதனால்தான் நல்ல டெய்லர்கள் அம்பர்லா வெட்டியதை ஒரு ராத்திரி மாட்டித் தொங்கவிட்டு, மறுநாள் காலை கீழ் ஓரத்தைச் சமமாக வெட்டிவிட்டுத்தான் மடித்து அடிப்பார்கள். நாள் விடாமல் அன்றே தைத்த உடை இரண்டு துவைப்புக்குள் ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

சுடிதார் என்று இங்கே எல்லோரும் மொத்த செட்டையும் சொல்கிறோம். இந்தியில் சூடி என்றால் வளையல். கால் நீளத்தைவிட அதிகமாகத் தைத்து, கணுக்காலில் வளையல் அடுக்கியது போல மடிப்பு மடிப்பாக நிற்கும் அந்தக் கால்சட்டைக்கு மட்டும் உரிய பெயர் அது. மேலே போடுவது கமீஸ் அல்லது குர்தா. தமிழ்நாட்டுக் கடைகளில் சல்வாருக்கும் பட்டியாலாவுக்கும்கூட "சுடிதார் பேன்ட்" என்றே பெயர், அதில் தப்பு ஒன்றுமில்லை, சொல் இங்கே வந்து இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டது. ஆன்லைனில் வாங்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். அங்கே சுடிதார் என்று போட்டிருந்தால் வெறும் கால்சட்டை மட்டும் வந்து சேரலாம்.

சரி, இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக்கு இணையாக இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், ரப்பர் போல இழுபடும். நெய்த துணியில் பாவு என்ற நீள இழை ஒரு திசையில் ஓடுகிறது, ஊடை என்ற இழை அதற்குக் குறுக்கே ஓடுகிறது, இரண்டும் நேராக இழுத்தால் விட்டுக்கொடுக்காது, 45 டிகிரியில் இழுத்தால் நெகிழ்ந்துகொடுக்கும். இந்தச் சாய்வுத் திசைக்குப் பெயர் பயாஸ். 1920களில் பாரிஸில் மதலேன் வியோனே என்ற பெண்மணி முழு கவுனையே இந்தச் சாய்வில் வெட்டித் தைத்தார், கொக்கியும் இறுக்கமும் இல்லாமல் துணி உடம்பின் வளைவுக்கு ஏற்ப வழிந்தது. ஃபேஷன் பாடத்தில் இன்றைக்கும் அவர் பெயர் இல்லாமல் பயாஸ் பற்றிப் பேச மாட்டார்கள்.

அதே விஷயத்தை நம் தெரு முனை டெய்லர் "கிராஸ் கட்டிங்" என்கிறார். ஜாக்கெட்டின் முன்பக்கத்தைச் சாய்த்துப் போட்டு வெட்டினால் மார்பில் சுருக்கம் இல்லாமல் உட்காரும், அதனால் துணி மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். எண்பது சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டில் நீளக் கையும் வேண்டும் கிராஸ் கட்டும் வேண்டும் என்றால் பலருக்குத் துணி பத்தாமல் போவது இதனால்தான். வட்டக் கழுத்தின் ஓரத்தில் பைப்பிங் வைக்க "கிராஸ் பீஸ்" வெட்டுகிறார்களே, அதுவும் பயாஸ்தான். நேர் துண்டு வளைவில் திரும்பாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். வியோனேவும் நம் டெய்லரும் ஒரே அறிவை வேறு வேறு பெயரில் சொல்கிறார்கள் என்று முதல்முறை புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

துணி தட்டையானது, உடம்பு அப்படியில்லை. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் மீதி வெட்டுகள் எல்லாம். துணியை முக்கோணமாகக் கிள்ளிப் பிடித்து உள்பக்கம் தைப்பது டார்ட், கடைகளில் டாட் என்றும் டக் என்றும் சொல்வார்கள். டார்ட்டின் நுனி மார்பின் உச்சிக்குச் சற்று முன்னதாக முடிய வேண்டும். உச்சியைத் தாண்டிப் போனால் அங்கே துணி கூம்பாகக் குத்திக்கொண்டு நிற்கும். டார்ட்டே தெரியக்கூடாது என்றால் தோளில் இருந்தோ கைக்குழியில் இருந்தோ இடுப்பு வரை ஒரே நீளத் தையலாக ஓட்டி, பிடிக்க வேண்டியதை அதற்குள்ளேயே பிடித்துவிடலாம், அது பிரின்சஸ் கட். கிண்ணம் போல ஒரு துண்டைத் தனியாக வெட்டி வைப்பது கட்டோரி. மூன்றில் எது வேண்டும் என்று டெய்லர் கேட்டால் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பெரிய பூவோ கட்டமோ போட்ட துணியில் பிரின்சஸ் கட் வைத்தால் பூ நடுவில் பிளந்து போகும், அதற்கு டார்ட்டே மேல். பிளெயின் துணிக்குப் பிரின்சஸ் அழகு.

யோக் என்ற சொல்லும் உண்டு. நைட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோளில் இருந்து மார்பின் மேல்பகுதி வரை சுருக்கமில்லாத ஒரு தட்டைத் துண்டு, அதற்குக் கீழே சுருக்கு வைத்து விடப்பட்ட நீளத் துணி. அந்த மேல் துண்டு யோக். மொத்த உடையின் எடையையும் அதுதான் தாங்குகிறது. ஆண்கள் சட்டையின் முதுகில் தோள்களுக்குக் குறுக்கே வருவதும் அதுவே. யோக் ஒற்றைத் துணியாக இருக்கும் நைட்டி சீக்கிரம் தோளில் கிழியும், வாங்கும்போது அது இரட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

துணிக்கடைக்குப் போனால் வேறு குழப்பம். "இது சாட்டின், இது காட்டன், இது ஜார்ஜெட்" என்று ஒரே வரிசையில் சொல்வார்கள். காட்டன் என்பது நார், பருத்திச் செடியில் இருந்து வருகிறது. சாட்டின் என்பது நெசவு, ஒரு பக்க இழை மேலே நீளமாக மிதப்பதால் பளபளக்கிறது. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். ஜார்ஜெட் என்பது அதிகம் முறுக்கிய இழையால் நெய்த, லேசாகச் சொரசொரக்கும் துணி, அதுவும் பட்டில் உண்டு, பாலியஸ்டரிலும் உண்டு. ஆகவே "ஜார்ஜெட்டா?" என்று கேட்டுப் புண்ணியமில்லை, "என்ன நூல்?" என்று கேட்க வேண்டும். வெயில் காலத்தில் வியர்க்குமா வியர்க்காதா என்பதைப் பெரும்பாலும் நார்தான் தீர்மானிக்கிறது.

இந்தக் குழப்பத்தில் அதிகம் ஏமாற வைப்பது பட்டு. ஆர்ட் சில்க் என்ற பெயரில் உள்ள ஆர்ட் கலை அல்ல, செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். உடுத்த அழகாக இருக்கலாம், விலையும் குறைவு, ஆசைப்பட்டு வாங்குவதில் தவறே இல்லை, பட்டு விலை கொடுத்து வாங்கக்கூடாது என்பதுதான் விஷயம். அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறது, அது இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் சோதிக்க, முந்தானை ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை எடுத்துக் கொளுத்தினால் பட்டு, மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டுகொள்ளும்.

நெய்ததா பின்னியதா என்பது அடுத்த பிரிவு. சட்டை, சேலை, வேட்டி, ஜீன்ஸ் எல்லாம் நெய்தவை. பனியனும் டி-ஷர்ட்டும் லெக்கின்ஸும் பின்னல் துணி, கண்ணி கண்ணியாகக் கோத்து வருவதால் இழுபடும், திருப்பூர் இந்தப் பின்னலால்தான் பேர் வாங்கியது. பின்னல் துணியின் தடிமனைச் சொல்ல ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. 180 இருந்தால் சாதாரணமாகப் போட ஏற்ற டி-ஷர்ட், 140க்குப் போனால் மெல்லியது, வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே போட்டிருப்பது தெரியும். வேட்டிக்கும் சேலைக்கும் இதைச் சொல்ல மாட்டார்கள், அங்கே கவுண்ட். 40, 60, 80, 100 என்று எண் ஏற ஏற நூல் மெலிதாகும், துணி மென்மையாகும், விலையும் ஏறும். எண் பெரிதானால் துணி தடிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு 100 கவுண்ட் வேட்டி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

டிசைன் பெயர்களில் நாம் வெளியில் தேடவே வேண்டியதில்லை. உலகம் பெய்ஸ்லி என்கிற வடிவம் நம் மாங்காய். காஷ்மீர் சால்வைகளில் இருந்த அந்த வடிவத்தை ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஏராளமாக நெய்ததால் ஊர்ப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. சின்னச் சின்னதாகத் தெளித்தது போன்ற உருவம் புட்டா. ஊசி போன்ற மெல்லிய கோடுகளுக்கு வைர ஊசி, கட்டங்களில் ஒரு வகைக்குப் பாலும் பழமும், கரையில் ருத்ராட்சம், மயில் கண் என்று பெயர் வைத்தவர்களின் கண் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறேன். மெட்ராஸ் என்றாலே வெளிநாட்டுச் சட்டைக் கடைகளில் ஒரு கட்டம் போட்ட பருத்தித் துணிதான். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன அந்தத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அதையே சிறப்பாக விளம்பரம் செய்து, ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகத் தெரியும் என்று சொல்லி விற்றார்கள். சாயம் போகும் மெட்ராஸ் என்பதே ஒரு ஃபேஷன் சொல்லாக நின்றுவிட்டது.

காஞ்சிபுரத்துக் கோர்வையைச் சொல்லாமல் விட முடியாது. உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம், நிறம் ஒன்றில் ஒன்று கலங்காமல் நிற்கிறது என்றால் அது சாதாரணமாக வந்ததல்ல. தறியில் ஊடை நூலைக் கொண்டுபோவது நாடா; உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலையும் கரை நூலையும் கொக்கிபோலக் கோத்து நெய்வது கோர்வை. தறியில் ஒருவருக்கு உதவியாக இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டும் என்றால் பாவையே மாற்றி இழைக்கு இழை இணைப்பது பேட்னி. "காண்ட்ராஸ்ட் பார்டர்" என்று கடையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், கோர்வையா என்று கேளுங்கள், விலை ஏன் அப்படி என்பது அப்புறம் புரியும்.

ஃபேஷன், ட்ரெண்ட், ஸ்டைல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஜாக்கெட் கையை வைத்தே பிரித்துவிடலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பஃப் கை, பிறகு ஸ்லீவ்லெஸ், திரும்பப் பஃப், இப்போது முழங்கை வரைக்கும் இறக்கி ஆரி வேலை. ஒரு காலத்தில் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டு நடப்பது ஃபேஷன், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ட்ரெண்ட். இது எதற்கும் அசையாமல் முப்பது வருடமாக ஒரே முழங்கை அளவு கையும் வட்டக் கழுத்தும் போட்டு, அதிலேயே அழகாக இருக்கும் டீச்சர் ஒருவர் உங்கள் பள்ளியிலும் இருந்திருப்பார், அது ஸ்டைல்.

கூட அணிவது, கையில் எடுப்பது எல்லாம் ஆக்சஸரி. இதில் நமக்குத் தெரிந்த பொருளுக்கே புதுப் பெயர் சூட்டி விற்கிறார்கள். மேலே திறந்து, இரண்டு கைப்பிடியோடு தோளில் மாட்டும் டோட் பேக் வேறு யாருமில்லை, மஞ்சப்பை. நாடாவை இழுத்தால் வாய் மூடும் பொட்லி நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பை. கைப்பிடி இல்லாமல் உள்ளங்கையில் பிடிப்பது கிளட்ச். கழுத்தை ஒட்டி நிற்கும் சோக்கர் அட்டிகை, காதோடு ஒட்டிய ஸ்டட் தோடு. ஒரே ஒரு நகை எல்லார் கண்ணையும் இழுத்து, மற்றவை அடங்கி இருந்தால் அதை ஸ்டேட்மென்ட் பீஸ் என்பார்கள். போட் நெக் ஜாக்கெட்டில் கழுத்தே மூடியிருக்கும், அதன்மேல் அட்டிகை போட்டால் இரண்டும் மோதும், நல்ல பெரிய ஜிமிக்கி ஒன்று போட்டுக் கழுத்தைச் சும்மா விட்டால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். பெல்ட், பர்ஸ் வாங்கும்போது ஜெனுயின் லெதர் என்று எழுதியிருந்தால் தோல்தான் என்று மட்டும் அர்த்தம், உயர்ந்த தரம் என்று அர்த்தமில்லை. மேல்பரப்பைத் தேய்க்காமல் இயற்கையான துளைகளோடு விட்டது ஃபுல் கிரெய்ன், உழைப்பது அதுதான்.

கடைசியாக ஈஸ். உடம்பு அளவுக்கும் உடையின் அளவுக்கும் இடையே விடும் இடைவெளி. மார்பு 36 என்றால் சட்டையை 36க்கே தைத்தால் மூச்சுவிட முடியாது, இரண்டு அங்குலம், நாலு அங்குலம் என்று விட வேண்டும். ஸ்லிம், ரெகுலர், ஓவர்சைஸ் என்ற லேபிள்கள் எல்லாம் இந்த இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் சொல்கின்றன. அதனால் எல் சைஸ் வாங்கி அது பெரிதாக இருந்தால் எம்-க்கு இறங்குவதற்கு முன்னால், அது எந்த ஃபிட் என்று லேபிளைப் பாருங்கள்.

போன வாரம் புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அளவு ஜாக்கெட்டோடு இந்த முறை வாயாலும் சொன்னேன்: கைக்குழி அரை அங்குலம் ஏற்றி, முன்பக்கம் கிராஸ் கட், டார்ட் போதும், பின் கழுத்து இறக்கம் எட்டு, பக்கவாட்டில் பிரிக்க ஒரு அங்குலம் உள்ளே விட்டு. அக்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, லைனிங் துணியை மட்டும் திருப்பிக் கையில் கொடுத்தார். "இத ஒரு தண்ணில நனைச்சுக் காயவச்சு எடுத்துட்டு வாம்மா, தச்சதுக்கப்புறம் சுருங்குச்சுன்னா மேல்துணி பொங்கிட்டு நிக்கும்."

நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.